மலையைக் குடைஞ்சவங்கட பேர்

அண்ணா, வணக்கம். அமெரிக்காவுல டோனர் பாஸ்னு ஒரு எடத்துல கைவிட்ட ரயில் டனல் ஒண்ண வீடியோவுல பார்த்தேன். செவரெல்லாம் கிறுக்கி வச்சிருக்காங்க, உள்ள ஆளுங்க நடந்து போறாங்க. சீனாக்காரங்க கட்டினதுனு மட்டும் சொன்னாங்க, ஒரு பேரும் சொல்லல. இவ்வளவு கஷ்டப்பட்டு வெட்டினத ஏன் விட்டாங்க? அந்த ஆளுங்க ஏன் எதுவும் கேக்காம வேல செஞ்சாங்க? எங்க ஊரு கொட்டகல, சிங்கமல டனல்ல ரயில் நுழையிறப்ப எல்லாம் இதே யோசனதான்.
ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்பு தங்கச்சிக்கு,

ஏன் விட்டாங்க எண்டதை முதல்ல சொல்லிடுறன், அது சின்ன விசயம். 1925ல பக்கத்து மலைக்குள்ளால பத்தாயிரம் அடிக்கும் கூடின நீளத்தில இன்னொரு டனல் வெட்டி ரெண்டாவது பாதை போட்டாங்க, பிறகு 1993ல, அப்ப அந்தப் பாதையை நடத்தின சதர்ன் பசிபிக் கம்பனி ரயில் எல்லாத்தையும் அந்தப் பக்கம் மாத்திட்டு பழைய தண்டவாளத்தைக் கழட்டிட்டுது. அவ்வளவுதான். 125 வருசத்துக்கு மேல ரயில் ஓடின டனல் அது, அதை ஒருத்தரும் வீணாக்கல.

வெட்டின கதைதான் பெரிசு. நீங்க பார்த்தது சம்மிட் டனல், ஆறாம் நம்பர். நீளம் 1659 அடி, எங்கட சிங்கமலை டனல் 562 மீட்டர், ரெண்டுக்கும் ஐம்பது மீட்டர் அளவுதான் வித்தியாசம். சியெரா நெவாடா மலையில ஏழாயிரம் அடி உயரத்தில, சுத்தக் கருங்கல். ஒருத்தர் உளியைப் பிடிக்க மத்தவங்க சம்மட்டியால அடிச்சு ஓட்டை போட்டு, வெடிமருந்து அடைச்சு வெடிக்க வச்சு, கல்லை அள்ளி, திரும்ப ஓட்டை போட்டு, இப்பிடி ஒரு நாள் முழுக்க செய்தாலும் ஒரு முகத்தில, அதாவது வெட்டுற ஒரு பக்கத்தில, ஒரு அடி அளவுதான் முன்னுக்குப் போகும். அதால நடுவில மேல இருந்து ஒரு குழி இறக்கி, உள்ளுக்க இருந்து ரெண்டு பக்கமும், வெளியில இருந்து ரெண்டு பக்கமும் எண்டு நாலு முகத்தில வெட்டினாங்க. 1867ல நைட்ரோகிளிசரின் எண்ட இன்னும் பலமான வெடித்திரவம் வந்தது. அதுக்கு முதல் வருசம் சான் பிரான்சிஸ்கோவில அது வெடிச்சு ஆக்கள் செத்ததால கொண்டு போகப் பயந்து மலையிலயே வச்சுக் கலக்கினாங்க. 1866-67 பனிக்காலத்தில தங்குற இடத்தில இருந்து வேலைக்குப் போறதுக்கே பனிக்குள்ளால வழி குடைய வேண்டி இருந்தது, பனிச்சரிவில ஆக்கள் புதைஞ்சு போனாங்க. 1867 நவம்பர் கடைசியில முதல் எஞ்சின் உள்ளால போனது. அதே 1867லதான் கொழும்பில இருந்து கண்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்தது.

எதுவும் கேக்காம வேலை செஞ்சாங்க எண்டு எழுதி இருக்கிறீங்க, அது சரியில்லை தங்கச்சி, இதை நான் அழுத்திச் சொல்லத்தான் வேணும். 1867 ஜூன் கடைசியில கிட்டத்தட்ட மூவாயிரம் சீனத் தொழிலாளிகள் சம்மட்டியைக் கீழ வச்சிட்டு ஸ்ட்ரைக் செய்தாங்க. மாசம் 40 டொலர் வேணும், டனலுக்குள்ள எட்டு மணித்தியாலத்துக்கு மேல ஏலாது எண்டு கேட்டாங்க. வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு கம்பனி சாப்பாடு குடுத்தது, இவங்க தங்கட கைக்காசில சாப்பிட்டாங்க. கட்டுமானத்துக்குப் பொறுப்பான சார்ல்ஸ் க்ரொக்கர் பேச்சுவார்த்தைக்குப் போகாம மலைக்கு சாப்பாட்டுச் சாமான் போறதை நிப்பாட்டினார். ஒரு கிழமையில ஸ்ட்ரைக் முடிஞ்சு போச்சு. தோத்தாங்க எண்டு சொல்லலாம், வாய் திறக்கல எண்டு மட்டும் சொல்லக்கூடாது.

பேர் ஏன் இல்லை? அந்தப் பாதையைப் போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பனிட சம்பளப் புத்தகத்தில கூடுதலா குழுத் தலைவன்ட பேர்தான் இருக்கு, அவனுக்குக் கீழ இத்தனை பேர், இத்தனை நாள், இவ்வளவு காசு. காசு அவன்ட கையில போய் அங்க இருந்துதான் பிரியும். உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, கங்காணி முறை தெரிஞ்ச குடும்பத்துக்கு இது புதுசில்லை. துரைமாருக்கு கங்காணிட பேர் தெரிஞ்சாப் போதும், மிச்சம் எல்லாம் தலைக்கணக்கு. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் வருசக்கணக்காத் தேடியும் அந்தத் தொழிலாளி ஒருத்தர் தன்ட கையால எழுதின கடிதம் ஒண்டு கூடக் கிடைக்கல.

பாதை முடிஞ்ச பிறகு நடந்ததும் எங்கட ஆக்களுக்குப் பழக்கமான கதை. 1882ல சீனத் தொழிலாளிகள் இனி நாட்டுக்குள்ள வரக்கூடாது, வந்தவங்க பிரஜை ஆகவும் ஏலாது எண்டு அமெரிக்கா சட்டம் போட்டது, 1943 வரைக்கும் அது இருந்தது. இங்க 1948ல மலையகத்து ஆக்கள்ட பிரஜாவுரிமையைப் பறிச்சாங்க. ரெண்டு இடத்திலயும் தண்டவாளம் இருந்தது, அதைப் போட்டவனுக்கு நாடு இல்லை. இதை வாசிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குக் கோவம்தான் வருது.

சிங்கமலையை இன்னும் ஒருத்தரும் கைவிடல, பதுளைப் பாதை அதுக்குள்ளாலதான் போகுது. ஆனா நானுஓயாவில இருந்து நுவரெலியா வழியா ராகலைக்குப் போன சின்னப் பாதை எப்பவோ போயிட்டுது, அதில வேலை செய்தவங்கட பேரை இண்டைக்கு யாரிட்ட கேக்கிறது? உங்கட வீட்டில வயசான ஆக்கள் இருந்தா அடுத்த லீவுக்குப் போகேக்க போனில ரெக்கோர்ட் பண்ணுங்க. பாட்டன் எந்தக் கங்காணிட பெரட்டில (காலையில ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புற கூட்டத்தில) இருந்தவர், எந்தத் தோட்டம், ரயில் பாதை கேங்கில ஆர் ஆர் வேலை செய்தது, பேர் பேராக் கேளுங்க. ரெண்டு பேர்ட பேர் கிடைச்சாலும் எழுதி அனுப்புங்க, இங்கயே போடுறன்.