பத்து கோடிப் பத்திரத்துக்கு ஏன் பத்து கோடி கிடைப்பதில்லை?

கேள்வி: எங்கள் கூட்டுறவு வங்கி, கையிலுள்ள அரசுப் பத்திரங்களை ரெப்போவில் (குறித்த நாளில் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டு பத்திரத்தை விற்றுப் பணம் பெறும் முறை) வைத்துச் சில நாட்களுக்குப் பணம் திரட்டுகிறது. ‘ஹேர்கட்’ என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் பணம் தருகிறார்கள். இது மறைமுக வட்டியா? இடையில் பத்திரத்தின் விலை இறங்கினால் என்ன ஆகும்?
(வங்கி ஊழியர், ஈரோடு)

பதில்: அது வட்டி அல்ல, கடன் கொடுப்பவர் தமக்கு வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு இடைவெளி. நகையை அடகு வைக்கும்போது அதன் முழு மதிப்பையும் யாரும் கடனாகத் தருவதில்லை அல்லவா, அதே காரணம்தான் இங்கும். நீங்கள் பணத்தைத் திருப்பாவிட்டால் அவர் பத்திரத்தைச் சந்தையில் விற்றாக வேண்டும். விற்று முடிப்பதற்குள் விலை எவ்வளவு இறங்கக்கூடும் என்ற மதிப்பீடே ஹேர்கட். ஆகவே எளிதில் விற்கக்கூடிய குறுகிய காலக் கருவூல உண்டியலுக்கு (அரசின் ‘ட்ரெஷரி பில்’) அது குறைவாகவும், நீண்ட காலப் பத்திரத்துக்கும் தனியார் நிறுவனக் கடன்பத்திரத்துக்கும் அதிகமாகவும் இருக்கும். ரிசர்வ் வங்கி 2018-இல் வெளியிட்ட ரெப்போ நெறிமுறைகள் நிறுவனக் கடன்பத்திரங்களுக்குக் குறைந்தது 2 சதவீதம் என்று வரையறுத்தன.

கணக்கைப் பார்ப்போம். முகமதிப்பு 10 கோடி ரூபாய் கொண்ட பத்திரத்தின் சந்தை விலை நூற்றுக்கு 98.50 என்றும், கடைசி வட்டித் தேதிக்குப் பிறகு சேர்ந்திருக்கும் வட்டி 1.50 என்றும் கொள்வோம். பிணையின் மதிப்பைக் கணக்கிடும்போது இரண்டையும் கூட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூட்டினால் மதிப்பு சரியாக 10 கோடி. 2 சதவீத ஹேர்கட் போக உங்களுக்குக் கிடைப்பது 9.80 கோடி. 6 சதவீத வட்டியில் ஏழு நாட்களுக்கு நீங்கள் செலுத்துவது 1,12,767 ரூபாய். இந்த வட்டி 9.80 கோடிக்கு மட்டுமே, கழிக்கப்பட்ட 20 லட்சத்துக்கு அல்ல. பணத்தைத் திருப்பியதும் பத்திரம் முழுவதும் உங்களிடம் திரும்பிவிடும்.

ஒப்பந்தத்தில் ‘ஹேர்கட் 2 சதவீதம்’ என்றிருக்கிறதா, ‘மார்ஜின் 102 சதவீதம்’ (கடன் தொகையில் 102 சதவீத மதிப்புக்குப் பிணை) என்றிருக்கிறதா என்று கவனித்துப் படியுங்கள். இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் 10 கோடியை 0.98-ஆல் பெருக்குகிறோம், பின்னதில் 1.02-ஆல் வகுக்கிறோம், அப்போது 9,80,39,216 ரூபாய் கிடைக்கும். வித்தியாசம் 39,216 ரூபாய்தான் என்றாலும், தொகையும் சதவீதமும் பெரிதாகும்போது இது சண்டையில் முடியக்கூடிய வித்தியாசம்.

இனி விலை இறங்கினால். இரண்டாம் நாள் பத்திரத்தின் மதிப்பு 3 சதவீதம் குறைந்து 9.70 கோடியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹேர்கட் போக அது தாங்கக்கூடிய கடன் 9.506 கோடி. உங்கள் கடனோ இரண்டு நாள் வட்டியான 32,219 ரூபாயையும் சேர்த்து 9.80 கோடிக்குச் சற்று மேல். பற்றாக்குறையான ஏறத்தாழ 29.72 லட்சத்தை ஈடுகட்டுமாறு வரும் அழைப்பே மார்ஜின் கால். ரொக்கமாகத் தந்தால் அந்தத் தொகை போதும். அதே வகைப் பத்திரமாகத் தந்தால் அதற்கும் ஹேர்கட் உண்டு என்பதால் சுமார் 30.33 லட்சம் மதிப்புக்குத் தர வேண்டும். விலை ஏறினால், உபரியைத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெப்போ காலத்தில் வரும் பத்திர வட்டி யாருக்கு?
(வாசகர், திருச்சி)

பதில்: சட்டப்படி பத்திரம் கைமாறினாலும், அந்த வட்டி முதலில் விற்றவரையே சேர வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி.

கேள்வி: மார்ஜின் பாதுகாப்பு என்றால், அதை மிக அதிகமாக வைப்பதுதானே நல்லது?
(வணிகவியல் மாணவி, மதுரை)

பதில்: ஒருவருக்குப் பாதுகாப்பாக இருப்பது மற்றவருக்கு ஆபத்தாகலாம். ஹேர்கட் 20 சதவீதமாக இருந்து, பணம் கொடுத்தவர் திவாலாகிவிட்டால், 100 ரூபாய்ப் பத்திரத்தைக் கொடுத்து 80 ரூபாய் மட்டும் பெற்றவர் மீதி 20 ரூபாய்க்காக, திவாலானவருக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க நேரிடும்.

இன்னொரு ஆபத்தை, ஒரே வகைப் பிணையைப் பலரும் வைத்திருந்த பிரிட்டன் காட்டியது. அங்கே ஓய்வூதிய நிதிகள் தங்கள் அரசுப் பத்திரங்களை ரெப்போவில் வைத்துப் பணம் பெற்று, அதைக்கொண்டு மேலும் பத்திரங்களை வாங்கியிருந்தன. 2022 செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங் பெரும் வரிக்குறைப்புகளை அறிவித்ததும் நீண்ட காலப் பத்திரங்களின் விலை வேகமாகச் சரிந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மார்ஜின் கால் வந்தது. ரொக்கத்துக்காக அவர்கள் விற்றதும் அதே பத்திரங்களைத்தான். விற்க விற்க விலை இறங்கியது, இறங்க இறங்க அழைப்புகள் பெருகின. சொத்து இருந்தும், அதை உரிய நேரத்தில் பணமாக்க அவகாசம் இல்லாததுதான் அவர்களை முடக்கியது. செப்டம்பர் 28 அன்று பேங்க் ஆஃப் இங்கிலாந்து தலையிட்டு, அக்டோபர் 14 வரை சுமார் 1,930 கோடி பவுண்டு மதிப்புள்ள பத்திரங்களை வாங்கிய பிறகே அந்தச் சுழல் நின்றது. இத்தகைய நிதிகள் வட்டி விகிதம் குறைந்தது 2.5 சதவீதப் புள்ளிகள் உயர்ந்து, அதனால் பத்திர விலை இறங்கினாலும் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்று அந்த வங்கியின் நிதிக் கொள்கைக் குழு 2023 மார்ச்சில் பரிந்துரைத்தது.