ஈயத் தக்களிக் குண்டுதான், ஆனால் ரோமானியர் காலம் இல்லை

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் உழவு வயலில் கிடைத்த, நடுவில் 9 மி.மீ. துளையுள்ள 28 கிராம் ஈய வில்லை ரோமானியர் காலத்ததா என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் தக்களிக் குண்டு, அதாவது கையால் நூல் நூற்கும் தக்களிக் குச்சியில் செருகும் எடை, மாதிரிதான் தெரிகிறது. பென்சிலில் காகிதம் சுற்றித் துளையில் இறுகச் செருகிச் சுழற்றிப் பாருங்கள்; தள்ளாடாமல் சுற்றினால் பெரும்பாலும் அதுதான், துளை ஓரமாக ஒதுங்கியிருந்தால் மீன்வலையில் கட்டும் வலைக்குண்டாகவும் இருக்கலாம்.

காலம்தான் சிக்கல். இங்கிலாந்தில் ரோமானியர் காலம் தொட்டு ராட்டை பரவிய பிறகும்கூட இதை ஈயத்தில் வார்த்துக்கொண்டே இருந்தார்கள், அதனால் மொட்டை வில்லையைப் பார்த்து நூற்றாண்டு சொல்பவரை நான் நம்பமாட்டேன். உங்களுடையதில் துளையிலிருந்து விளிம்புக்கு ஓடும் புடைத்த கோடுகளும் நடுநடுவே பொட்டுகளும் இருப்பதால் இடைக்காலம் என்பேன். ஈயத்தின் மேலுள்ள அந்த வெள்ளைப் படிவைச் சுரண்டிவிடாதீர்கள். அப்புறம், தொட்டதும் கை கழுவுங்கள், ஈயம்!