டோஃபு கசக்கிறது, வயிறும் கலக்குகிறது: எங்கே தவறு?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் சீனத்து மாப்போ டோஃபு, அதாவது சோயாப்பாலை உறையவைத்த கட்டியில் (டோஃபு) செய்யும் காரக் கறி, செய்து பார்த்தேன். இங்கே டோஃபு கிடைக்காது. சோயாவை ஊறவைத்து அரைத்து, பால் பொங்கியதும் இறக்கி, தெரிந்தவர் ஒருவர் வாங்கித் தந்த ‘டோஃபு உப்பை’ப் போட்டேன். 100 கிராம் 600 ரூபாய். பால் உறைந்தது, ஆனால் ஒரே கசப்பு. சாப்பிட்ட இரண்டு பேருக்கு வயிற்றோட்டம். உப்பைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: சகோதரி, குறைத்துப் பார்க்க வேண்டாம். அந்தப் பொட்டலத்தை இனிச் சமையலறைக்குள்ளேயே வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தவறுகள் தெரிகின்றன. முதலாவது, “பால் பொங்கியதும் இறக்கினேன்” என்பது. மாட்டுப்பால் பொங்கினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சோயாப்பால் அப்படியல்ல. 80 பாகை வெப்பத்திலேயே நுரைத்துக்கொண்டு மேலே ஏறிவிடும், உள்ளே பால் இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். பச்சைச் சோயாவில் நம் செரிமானத்தைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அதன் வீரியம் அடங்கும். இல்லையென்றால் குமட்டல், வயிற்றோட்டம்.

மலைநாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு பாகை குறையும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், தலவாக்கலையில் 96 பாகையளவில். கொழும்பிலிருந்து எழுதும் சமையல் குறிப்பில் 10 நிமிடம் என்றிருந்தால் நீங்கள் 20 நிமிடம் வையுங்கள். முதலில் நுரை ஏறும்போது தீயைக் குறைத்துக் கிண்டுங்கள். நுரை அடங்கிய பிறகு வரும் கொதியிலிருந்துதான் நேரத்தைக் கணக்கெடுக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த உப்பு. அது என்னவென்று பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது, விற்றவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கசப்பையும் வயிற்றோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் எப்சம் உப்பாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நம் தோட்டங்களில் மக்னீசியம் குறைந்த தேயிலைக்குக் கரைத்துத் தெளிக்கிறார்களே, அதே வகை. செடிக்கு என்று வரும் மூட்டையைச் சாப்பாட்டுக்குரிய சுத்தத்தோடு யாரும் தயாரிப்பதில்லை. அதைப் பிரித்துச் சின்னப் பொலித்தீனில் கட்டி ‘சைனீஸ்’ என்று சொல்லிவிட்டால் விலை பல மடங்கு. ஹார்ட்வெயார் கடை ஜிப்சத்தையும் இப்படியே விற்பார்கள். சீனாவில் ஜிப்சம் போட்டு டோஃபு உறையவைப்பது பழைய வழக்கம்தான். அது உணவுக்கென்றே சுத்திகரித்த ஜிப்சம், சுவருக்குப் பூசுவது இல்லை.

பெயரும் முகவரியும் திகதியும் இல்லாத எந்தத் தூளையும், கொண்டு வந்தவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், வாங்காதீர்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) முறையிடலாம், முறையிடவும் வேண்டும். ஆனால் ஒரு பி.எச்.ஐ. எத்தனை தோட்டங்களைத்தான் பார்ப்பார்? மாதிரி எடுத்து, பகுப்பாய்வுக்கு அனுப்பி, அறிக்கை வருவதற்குள் விற்றவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். ஒழுங்காக லேபிள் ஒட்டிய பொருள்களில்கூடத் தமிழ் எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. வாசிக்க முடியாத லேபிளை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ஒரு விதிவிலக்கு. பார்மசியில் லேபிளோடு விற்கும் எப்சம் உப்பால் டோஃபு உறையும். அதிலும் ‘உள்ளுக்கு எடுக்கலாம்’ என்று போட்டிருக்க வேண்டும். வெந்நீரில் கால் ஊறவைக்க என்று விற்பதும் அதே பெயரில்தான் இருக்கும், அது வேண்டாம். சரியானது கிடைத்தாலும் 250 கிராம் சோயாவுக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள். அது பேதி மருந்தும்கூட. வீட்டில் சிறுநீரக வருத்தம் உள்ளவர் இருந்தால் அதுவும் வேண்டாம். இத்தனையையும் பார்த்துப் பார்த்து வாங்குவதைவிட உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது: தேசிக்காய்.

250 கிராம் சோயாவை இரவே ஊறவையுங்கள். நம் குளிருக்கு 12 மணித்தியாலம் வேண்டும். இரண்டு லீற்றர் தண்ணீரில் அரைத்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் தேங்காய்ப்பால் பிழிவதுபோல் பிழியுங்கள். மேலே சொன்னபடி காய்ச்சி இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். நாலு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றை ஒரு கப் தண்ணீரில் கலந்து மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் மெதுவாக ஒரு சுற்றுக் கிண்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கால் மணித்தியாலத்தில் திரைந்து, மஞ்சள் தண்ணீர் தனியாகத் தெளியும். தெளியாமல் பால்போலவே இருந்தால் இன்னும் ஒரு கரண்டிச் சாறு. துணியில் வடித்து அரை மணித்தியாலம் பாரம் வையுங்கள்.

லேசான புளிப்பு இருக்கும், கடையில் விற்கும் டோஃபுபோல வழுவழுப்பும் வராது. மாப்போ டோஃபுவின் காரத்துக்குள் அந்தப் புளிப்பு தெரியாது. மாப்போ டோஃபுவுக்குப் போடும் புளித்த அவரை விழுதை மட்டும் வீட்டில் புளிக்கவைக்கப் போகாதீர்கள். மழைக்காலத்தில் நம் வீடுகளில் எந்தப் பூஞ்சணம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செத்தல் மிளகாய், உள்ளி, இஞ்சி அரைத்து, லேபிள் உள்ள சோயா சோஸ் கொஞ்சம் ஊற்றினால் போதும்.

மிஞ்சிய டோஃபுவைத் தண்ணீரில் மூழ்கவிட்டுப் பிரிட்ஜில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, மூன்று நாளில் முடித்துவிடுங்கள். பிரிட்ஜ் இல்லாவிட்டால் அன்றைக்கே. பிழிந்த சக்கையை எறியாமல் பருப்பு வடை மாவோடு சேர்க்கலாம். அதுவும் பச்சைச் சோயாதான், அதனால் முதலில் அரை மணித்தியாலம் ஆவியில் அவித்துவிட்டு மாவில் சேருங்கள்.