கச்சான் வீசும் காலத்தில் கயாக் இறக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் வசிக்கிறேன். அண்மையில் மேலே அமர்ந்து ஓட்டும் வகையைச் சேர்ந்த மீன்பிடிக் கயாக் (துடுப்பால் செலுத்தும் சிறு படகு) ஒன்றை வாங்கினேன். நீளம் ஏறக்குறைய 3.3 மீற்றர்; தூண்டிற்கோல் செருகும் குழிகளும் அதில் உண்டு. ஆனி மாதத்தில் எங்கள் கரையில் கடல் குளம் போலக் கிடப்பதால், விடியற்காலையில் தனியாக இரண்டு கிலோமீற்றர் வெளியே சென்று, நங்கூரமிட்டுப் பாரையும் விளைமீனும் பிடிக்க எண்ணியிருக்கிறேன். சிறுவயது முதலே நன்றாக நீந்துவேன். கயாக் ஓட்டிய பழக்கம் மட்டும் இல்லை. முதற்பயணத்துக்கு என்னென்ன கொண்டுசெல்ல வேண்டும்?
– உப்புவெளி வாசகர்

பதில்: கொண்டுசெல்ல வேண்டியவற்றைப் பிறகு பார்க்கலாம், முதலில் உங்கள் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. கரையில் நின்று பார்க்கும்போது கடல் அசையாமல் கிடப்பதற்கும், அந்தக் கடல் ஒரு சிறு படகுக்குப் பாதுகாப்பானது என்பதற்கும் இடையே, குறிப்பாக ஆனி ஆடி மாதங்களில், தொடர்பு மிகக் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைத் தீவின் மேற்குப் பகுதியிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாகக் கிழக்குக் கரைக்கு வந்து சேர்கிறது. உப்புவெளிக் கரை கிழக்கு நோக்கியது; ஆகவே கச்சான் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் வீடுகளும் மரங்களும் காற்றை மறைப்பதாலும், அலை எழும்புவதற்குரிய நீர்ப்பரப்பு அங்கே இல்லாததாலும், முதல் இருநூறு முந்நூறு மீற்றர் வரை தண்ணீர் வழுவழுவென்றே தெரியும். அதற்கு அப்பால்தான் காற்றின் முழு வேகமும் நீரைத் தொடுகிறது. போகும்போது துடுப்புப் போடாமலே படகு ஓடுவதைக் கண்டு மகிழ்ந்தவர்கள், திரும்பும்போதுதான் கணக்கைப் புரிந்துகொள்கிறார்கள்.

காற்றில்லாத நீரில் சாதாரணமாகத் துடுப்புப் போடும் ஒருவர் மணிக்கு 4 முதல் 5 கிலோமீற்றர் வேகத்தில் கயாக்கைச் செலுத்தலாம். மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட காற்றை எதிர்த்து வரும் புதியவருக்கு அந்த வேகத்தில் பாதிகூட நிற்காது. களைத்து ஒரு நிமிடம் கையை ஓய்த்தாலும் படகு பின்னோக்கிப் போகத் தொடங்கும். மீன்பிடிக் கயாக்குகள் கவிழாதிருப்பதற்காக அகலமாகவும், இருக்கை உயரமாகவும் செய்யப்படுபவை என்பதால், நீண்ட ஒடுங்கிய கயாக்குகளைவிட அவற்றைக் காற்று எளிதாகப் பிடித்துக்கொள்ளும். உப்புவெளியிலிருந்து நேர்கிழக்கே போனால் அடுத்துவரும் தரை நிக்கோபார் தீவுகள். இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, வழியில் ஒதுங்குவதற்கு இடமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும் என்ற பொதுவான அறிவுரையும் கச்சான் காலத்தில் இங்கே முழுதாகப் பொருந்தாது. இரவில் தரை குளிர்வதால் கடலை நோக்கி வீசும் நிலக்காற்று விடியும்வரை தொடரும். கச்சானும் அதே திசையில் வீசுவதால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே நேரத்தை மட்டும் நம்பாமல், புறப்படும் நாளின் காற்றைப் பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் கடற்பிராந்திய வானிலை அறிக்கையில் திருகோணமலையை உள்ளடக்கிய கரையோரத்துக்கான காற்றின் திசையும் வேகமும் தரப்படுகின்றன. மணிக்கு 18 கிலோமீற்றர், அதாவது ஏறத்தாழ 10 நொட் என்ற அளவைத் தாண்டினால், புதியவர் அன்று கடலில் இறங்காமல் விடுவதே சரி. அறிக்கை எப்படியிருந்தாலும், தொலைவில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் அந்த அளவு எட்டப்பட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். அதற்கு மேலும் ஐயமிருந்தால் கரைவலை இழுப்பவர்களிடமோ, பைபர் படகுக்காரரிடமோ கேளுங்கள். அவர்களுடைய பதில் பெரும்பாலும் ஒரு சொல்லில் முடிந்துவிடும், அதை மறுத்துப் பேசாதீர்கள்.

பொறுத்திருக்க முடியுமானால், வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் தொடங்காத பங்குனி, சித்திரை மாதங்களே முதற்பயணத்துக்கு மிகப் பொருத்தமானவை. அக்காலத்தில் பொதுவாகக் காற்று மெலிவாக இருப்பதோடு, முற்பகலுக்குப் பின் கடலிலிருந்து எழும் காற்று உங்களைக் கரையை நோக்கியே தள்ளும். பிற்பகலில் இடிமுழக்கம் கேட்டால் மட்டும் உடனே கரையேறிவிட வேண்டும். நிமிர்த்திச் செருகிய தூண்டிற்கோலோடு திறந்த நீரில் இருப்பவர் மின்னலுக்கு நல்ல இலக்கு. கார்த்திகை முதல் தை வரையான வாடைக் காலத்தைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. அக்கடலைப் பார்த்தவர் யாரும் கயாக்கைத் தூக்கமாட்டார்.

பொறுக்க முடியாது என்றால், கச்சான் மெலிந்த ஒரு நாளில், வெளியே போகாமல் கரைக்கு இணையாக, எழுந்து நிற்கக்கூடிய ஆழத்துக்கு அருகிலேயே செல்லுங்கள். இரண்டு கிலோமீற்றர் போக வேண்டுமென்ற ஆவல் இருந்தால், அந்தத் தூரத்தைக் கரையோரமாகவே கடக்கலாம். தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் முதலில் தெற்கே துடுப்புப் போட்டுச் சென்றால், களைத்தபின் காற்றே வீட்டுக்குக் கொண்டுவரும். பாரை போன்ற மீன்கள் சூடை, கீரி ஆகிய சிறு மீன்களைத் துரத்திக்கொண்டு கரைக்கு மிக அருகிலும் வருவதால், ஆழத்துக்குப் போகாதவர் வெறுங்கையோடு திரும்புவார் என்று எண்ண வேண்டாம்.

இனி நீங்கள் கேட்டவை. முதல் நாள் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்பதே என் முதல் ஆலோசனை; இது பலருக்குப் பிடிப்பதில்லை. மார்பளவு நீரில் உயிர்காப்பு அங்கியோடு நின்று, கயாக்கை நீங்களாகவே கவிழ்த்து, அதை நிமிர்த்தி, மீண்டும் ஏறிப் பழகுங்கள். கவிழ்ந்த படகின் ஒரு பக்கத்தில் நின்று, மறுபக்க விளிம்பை எட்டிப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் அது நிமிரும். பிறகு நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னால் நீட்டி உடல் நீரின் மட்டத்துக்கு வரும்வரை உதைத்து, வயிறு இருக்கையின் மேல் வரும்படி வழுக்கி ஏறி, உடலைத் திருப்பி அமர்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். நின்றுகொண்டு முயல்பவரின் கால்கள் படகுக்கு அடியில் போய்விடும். அதுவே பலர் ஏற முடியாமல் தவிப்பதற்குக் காரணம். மார்பளவு நீரில் கைவந்தபின் கால் எட்டாத நீரிலும் செய்து பாருங்கள். நன்றாக நீந்துபவர் என்கிறீர்கள்; அது நல்லதுதான், ஆனால் காற்றில் விலகிப்போகும் கயாக்கை நீந்திப் பிடிப்பது எவருக்கும் கடினம். கவிழ்ந்தால் படகை விடாமல் பற்றிக்கொள்ளுங்கள். ஏற முடியாவிட்டாலும் அது மிதக்கும், தொலைவிலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். அதை விட்டுக் கரைக்கு நீந்த முயலவே கூடாது.

புறப்படுமுன் படகின் வால்பக்கத்திலோ பக்கவாட்டிலோ உள்ள நீர்வடிப்பு அடைப்பான் திருகப்பட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அது திறந்திருந்தால் உடற்கூட்டுக்குள் நீர் மெல்ல நிறையும். படகு தள்ளாடத் தொடங்கும்போதுதான் தெரியவரும். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குப் பின்னால் கட்டிவைக்காமல் அணிந்திருங்கள். அதில் ஒரு விசிலும், நீர்புகா உறையிலிட்ட கைத்தொலைபேசியும் இருக்கட்டும்; தொலைபேசி படகின் பெட்டிக்குள் இருந்தால், தேவைப்படும் நேரத்தில் படகு ஓரிடத்திலும் நீங்கள் ஓரிடத்திலும் இருப்பீர்கள். துடுப்பை ஒரு சிறு கயிற்றால் படகோடு இணையுங்கள். குடிநீர், கயிறறுக்க ஒரு கத்தி, தூண்டிலைக் கழற்ற நீண்ட மூக்குள்ள குறடு ஆகியவை போதும். மூக்கு உயர்ந்து விரைந்து வரும் பைபர் படகின் ஓட்டுநருக்கு நீரோடு நீராக இருக்கும் கயாக் தெரியாது என்பதால், செம்மஞ்சள் தொப்பியோ உயரமான கொடியோ அவசியம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பவற்றை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். காவல்துறையின் அவசர இலக்கம் 119.

நங்கூரத்தை இம்முறை விட்டுவிடுங்கள். அதை முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்ட வேண்டும். இருக்கைக்குப் பக்கத்தில் கட்டினால் அலையும் நீரோட்டமும் படகைப் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்த்துவிடும். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் முடிச்சு கைக்குப் பழகும்வரை அது உதவியைவிட ஆபத்தே அதிகம். இரண்டு கோல்களும் வேண்டாம். ஒரு குறுங்கோல், அல்லது தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) சுற்றிய ஒரு கைத்தூண்டில் போதும். சிறிய போலி இரையொன்றைப் படகுக்குப் பின்னே இழுத்தபடி கரையோரமாகச் செல்வது புதியவருக்கு எளிய முறை, ஏனெனில் கை துடுப்பிலேயே இருக்கும். சீலா கடிக்கக்கூடிய இடமென்றால் தூண்டிலுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுங்கள். தங்கூசியை அதன் பல் அறுத்துவிடும்.

மீன் கடித்தவுடன் படகில் எழவோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப்பிடிக்கவோ வேண்டாம். தலை படகின் விளிம்பைத் தாண்டாதவரை அகலமான கயாக் எளிதில் கவிழாது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்றவை தாமாக ஒழுங்காகும். பெரிய பாரை படகை இழுத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் போகட்டும், இழுக்க இழுக்க அதுவே களைக்கும். ஆனால் அது இழுக்கும் திசை வெளிக்கடலாக இருந்தால் கரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருங்கள். தேவையென்றால் தங்கூசியை அறுத்துவிடுங்கள். பெரிய திருக்கை என்று தெரிந்தால் யோசிக்காமலே அறுத்துவிடலாம்.

கரையேறும்போது கோலைக் கிடத்திக் கட்டிவிட்டு, படகின் மூக்கு கரைக்கு நேராக இருக்கும்படி வைத்து, இரு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் வாருங்கள். இறங்கியதும் படகுக்கும் கரைக்கும் இடையில் நிற்காதீர்கள். முழங்காலளவு அலைகூட நீர் நிறைந்த கயாக்கைத் தூக்கி உங்கள் காலில் மோதும். கரைவலை வளைத்திருக்கும் இடத்தில் கயிற்றைக் கடக்காமல் வெளியே சுற்றிச் செல்வதும், அந்தப் பாட்டுக்குரிய (வலை வளைக்கும் கரைப்பகுதிக்குரிய) சம்மாட்டியிடம், அதாவது வலை உரிமையாளரிடம், முன்கூட்டியே ஒரு சொல் கேட்பதும் முறை. அது அவர்களுடைய தொழில், நமக்கோ பொழுதுபோக்கு.

கேள்வி: கயாக்கில் புறாத்தீவைச் சுற்றி மீன் பிடிக்க முடியுமா? திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடா அலையற்றது என்பதால் அங்கு பழகலாமா?
– நிலாவெளி வாசகர்

பதில்: புறாத்தீவைச் சுற்றி முடியாது. 2003ஆம் ஆண்டு முதல் அது தேசிய பூங்கா. தீவுகள் மட்டுமன்றி அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் கடற்பரப்பும் அதன் எல்லைக்குள் அடங்குகின்றன. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தானே என்று கச்சான் காலத்தில் வெறுமனே பார்த்துவரப் புறப்படுவதற்கும் மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும். உட்குடா உண்மையிலேயே அலையடங்கிய நீர். ஆயினும் கடற்படைத் தளமும் கப்பல் போக்குவரத்தும் உள்ள இடமாகையால், உரியவர்களின் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவின் தென்பகுதியில் ஆற்றுமுகங்களை நெருங்காதீர்கள். நீரோட்டத்தோடு முதலைகளும் உண்டு. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்கீழ் படகுப் பதிவும் மீன்பிடி அனுமதியும் ஒழுங்குபடுத்தப்படுவதால், உங்கள் கயாக்குக்கு என்ன தேவை என்பதைக் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் கயாக்கில் மீன்பிடிக்கத் தொடங்கியிருக்கிறான். கெளிறோ ஒராவோ குத்திவிட்டால் நடுக்கடலில் என்ன செய்வது? பிடித்த மீனை வெயிலில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?
– மூதூர் வாசகி

பதில்: அம்மா, நடுக்கடலில் செய்யக்கூடியது குறைவு, கரைக்குத் திரும்புவதே சிகிச்சையின் முதற்படி. இம்மீன்களின் நஞ்சு வெப்பத்தில் செயலிழக்கும் தன்மையுள்ளது. கரையில் குத்துப்பட்ட இடத்தை 45 பாகை செல்சியஸ் அளவான, பொறுக்கக்கூடிய சுடுநீரில் அரை மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி பெரும்பாலும் தணியும். மரத்துப்போன கை சூட்டை உணராது என்பதால், மற்றக் கையால் நீரைச் சோதித்துப் பாருங்கள். முதல் சில பயணங்களில் மீனை வெறுங்கையால் பிடிக்காமல், தடித்த கையுறையும் குறடும் கொண்டு தூண்டிலைக் கழற்றச் சொல்லுங்கள். பேத்தை அகப்பட்டால் அதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும், அது உணவுக்குரியதன்று. மீனைப் பொறுத்தவரை, வெயிலில் வைத்திருக்கவே கூடாது என்பதே பதில். சூரை, கும்பளா போன்றவற்றில் வெப்பத்தால் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருள் சமைத்தாலும் அழிவதில்லை. முகம் சிவந்து தடித்து, வாந்தி உண்டாகும். ஐஸ் நிறைத்த சிறு பெட்டியை முதலிலேயே வைத்துக்கொண்டு, பிடித்தவுடன் மீனை அதற்குள் போட்டுவிட வேண்டும். ஐஸ் இல்லாத நாளில் பிடித்ததை விட்டுவிடட்டும். முள் உள்ளே முறிந்து நின்றாலோ, மூச்சுத்திணறல் அல்லது மயக்கம் தோன்றினாலோ சுடுநீரோடு நேரத்தைக் கடத்தாமல் 1990 என்ற இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியை அழையுங்கள்.