கிராஷ் பண்டிகூட் நான்காம் பாகத்தை மகனுக்கு வாங்கலாமா?

கேள்வி: தரம் 7இல் படிக்கும் என் மகன், பிளேஸ்டேசன் 4இல் கிராஷ் பண்டிகூட் என்ற காணொளி விளையாட்டின் முதல் மூன்று பாகங்களும் அடங்கிய தொகுப்பை, அதில் வரும் பெட்டிகளில் ஒன்றைக்கூட விடாமல் உடைத்து முடித்துவிட்டான். இப்போது மட்டக்களப்பு நகரிலுள்ள கடையொன்றில் நான்காம் பாகத்தின் பாவித்த இறுவட்டைக் கண்டு, அதையும் கேட்கிறான். விற்றதைத் திருப்பி எடுப்பதில்லை என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? தங்கையும் சேர்ந்து விளையாட முடியுமா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: வாங்கலாம், சகோதரி. ஆனால், ஒரு பெட்டிகூட விடாமல் முடிப்பவன் என்று நீங்கள் எழுதியிருப்பதால், முதலில் அவனுடன் ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள்.

1998இல் வந்த மூன்றாம் பாகத்தின் கதையைத் தொடர்ந்து, டோய்ஸ் ஃபோர் பொப் நிறுவனம் 2020இல் உருவாக்கிய இவ்விளையாட்டில், பாய்ந்து, சுழன்று, தாண்டிச் செல்லும் பழைய சுவை அப்படியே இருக்கிறது. புதிதாக வரும் நான்கு முகமூடிகளில் ஒன்று நேரத்தை மெதுவாக்குகிறது. இன்னொன்று புவியீர்ப்பைத் தலைகீழாக்கி, விளையாட்டின் நாயகன் கிராஷை மேற்கூரையில் ஓடவிடுகிறது. எங்கே போய் விழப்போகிறோம் என்பதைக் காட்ட, பாயும்போது காலுக்கு நேர்கீழே ஒரு மஞ்சள் வளையம் தெரிகிறது. பழைய பாகங்களில் தூரத்தைத் தவறாகக் கணித்துக் குழியில் விழுந்தவர்களுக்கு அந்தச் சிறிய வளையத்தின் அருமை புரியும். உயிர்கள் தீர்ந்து கட்டத்தின் தொடக்கத்துக்கே திரும்பும் பழைய முறையும், எத்தனை முறை இறந்தாலும் இடைப்புள்ளியிலிருந்து தொடரக்கூடிய புதிய முறையும் உள்ளன. மகள் விளையாடும்போது புதியதைத் தெரிவுசெய்யுங்கள்.

குறை இருப்பது முழுமையாக முடிப்பதில்தான். கட்டங்கள் முன்னையவற்றைவிட மிக நீளமானவை. பல பெட்டிகள் தூண்களுக்குப் பின்னாலும் திரையில் படாத ஓரங்களிலும் ஒளிக்கப்பட்டிருக்கின்றன. திறமையைச் சோதிக்காமல் பொறுமையைச் சோதிக்கும் இந்த அமைப்பை நான் நியாயமென்று கருதவில்லை. என் சகோதரியின் மகன் அரைமணி நேரம் ஒரே கட்டத்தில் போராடி, இரண்டு பெட்டிகள் குறைவு என்று கண்டதும் கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்துவிட்டுப் பேசாமலே இருந்தான். ஒவ்வொரு கட்டத்திலும் சேகரிக்க ஆறு இரத்தினங்கள், அதே கட்டத்தைத் திருப்பிப்போட்ட வடிவில் இன்னும் ஆறு. இவற்றுக்கும் மேலாக, ஒருமுறையும் இறக்காமல் எல்லாப் பெட்டிகளையும் உடைத்தால் மட்டுமே கிடைக்கும் பரிசும் உண்டு. கதையை முடிப்பதோடு மகன் நிறைவடைவானானால் பணத்துக்கு முழுப் பெறுமதி உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தே தீருவேன் என்றால், சலித்துப்போக நிறையவே இடமுண்டு.

இருவரும் ஒரே நேரத்தில் கதையை விளையாட முடியாது. ஆயினும், இறக்கும்போதோ இடைப்புள்ளியை அடையும்போதோ அடுத்தவரிடம் கருவியைக் கொடுக்கும் முறை இருப்பதால், ஒரே கருவி போதும்.

கடையில் இறுவட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். அங்கேயே ஓடவிட்டு, ஒரு கட்டமாவது விளையாடிக் காட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டுமென்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே உள்ளது. கொடுக்க மறுத்தால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அந்த அதிகார சபையிடம் முறையிடலாம்.