ஆலோசனை கேட்டால் பால் காசு கூடுமா?

கேள்வி: மூன்று கறவை மாடு வைத்திருக்கிறேன். முகாம், பயிற்சி என்று அடிக்கடி கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் வேலையை விட்டுப் போனால் வருமானம் கூடுமா?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: கூடும்மா, ஆனால் கேட்டதைத் தொழுவத்தில் செய்தால்தான். பால் ஒரு லிட்டர் குறைவதைவிட, மாடு சினை பிடிக்காமல் நிற்கிற மாதங்களில்தான் காசு கரைகிறது. மாடு சினைக்கு வரும் ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்தது சுமார் 21 நாள் கழித்துத்தான், அதுவரை தீவனச் செலவு நிற்காது. காலையில் மாடு கத்தி, கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகினால் அதுதான் பருவத்தின் அறிகுறி, அன்று சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. இந்த ஒன்று பிடிபட்டாலே போன நாளின் கூலி தேறிவிடும்.

அப்புறம் பால் சொசைட்டியில் கொழுப்பும் இதர சத்தும் பார்த்துத்தான் விலை. வெறும் வைக்கோல் போட்டால் சத்து இறங்கும், பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் வேண்டும்.

கடலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம். போகும்போது கன்று போட்ட தேதி, ஊசி போட்ட தேதி, கறந்த லிட்டர் எல்லாம் எழுதிய நோட்டோடு போய், உங்கள் மாட்டைப் பற்றியே கேளுங்கள். மாட்டுக்கு அவசரம் என்றால் கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்குப் போன் போடுங்கள்.