ஓரத்தில் நின்ற பிள்ளை

கேள்வி: என் மகன் மான்செஸ்டரில் மேல்படிப்பு படிக்கிறான். ராக் இசை என்றால் அவனுக்கு உயிர். போன மாதம் ஆசையாக டிக்கெட் எடுத்து ஒரு கச்சேரிக்குப் போயிருக்கிறான். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள். கண்ணுக்கு எட்டியவரை நம் நிறத்தில் ஓர் ஆள் இல்லையாம். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் ஓரமாகவே நின்றுவிட்டுப் பாதியில் அறைக்குத் திரும்பிவிட்டான். இசைக்கு ஏது இனமும் நிறமும்? இவன்தான் வீணாகக் கூச்சப்படுகிறானா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் 'ஓரமாகவே' என்ற சொல்லில்தான் கண் போய் நின்றது.

நம் மொழியில் ஓரத்துக்கு நல்ல பெயரே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? ஒருவரை ஒதுக்கினால் ஓரங்கட்டிவிட்டார்கள் என்கிறோம். பெற்ற பிள்ளைகளில் ஒன்றுக்கு நெய்யும் இன்னொன்றுக்கு மோரும் ஊற்றினால் அது ஓரவஞ்சனை. நேராகப் பார்க்க மனமில்லாதவர் ஓரக்கண்ணால் பார்ப்பார். பஞ்சாயத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஓரம் பேசுகிறார் என்போம். ஜன்னலோரம் ஒன்றுதான் விதிவிலக்கு. அதற்கும் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டுச் சண்டை பிடிக்க வேண்டும். இந்தச் சொற்களையெல்லாம் முதலில் சொன்னவர்கள் ஓரத்தில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஓரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நான் நின்றிருக்கிறேன். ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவன் நான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த எங்களைப் போன்றவர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் எங்களை இந்த நீலகிரி மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில், கூடலூர்ப் பக்கம், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. வந்த வருஷமே மாரியம்மன் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். 'சிலோன்காரங்க அந்தப் பக்கம் நில்லுங்க' என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பந்தக்காலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். காலி இடம் முன்னால் எவ்வளவோ இருந்தது. அப்பா இலங்கையில் இருந்தபோது, மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர். தோட்டமே விடிய விடிய உட்கார்ந்து அவர் ஆட்டத்தைப் பார்க்கும். இங்கே மேளம் அத்தனை அருமையாக விழுந்தும் அவர் கால் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதே தமிழ், அதே அம்மன், அதே நிறம். அப்படியிருந்தும் அந்த ஓரம் எங்களைப் பிடித்து நிறுத்திவைத்தது. மொழியும் நிறமும் வேறாக இருக்கும் ஊரில், தனியாளாகப் போன உங்கள் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்!

இதற்குக் கூச்சம் என்று பெயர் வைக்காதீர்கள். கூட்டத்துக்குள் நுழைந்ததும் நம் கண் தேடுவது நம்மைப் போல இன்னொரு முகத்தை. ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் அதை மறந்துவிட்டுப் பாட்டைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் கடைசிவரை தேடிக்கொண்டே இருக்கும். அவன் காசு கொடுத்தது காதுக்காக. கண் அவனைக் கேட்கவிடவில்லை.

இசைக்கு ஏது இனம் என்கிறீர்கள். அந்த ராக் இசை எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் என்ற பாட்டு வகையிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் வந்தது. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் எலக்ட்ரிக் கிதாரை வாசித்துக் காட்டிய விதம் பின்னால் வந்த ராக் கலைஞர்கள் பலருக்கு வழிகாட்டியது. 1950-களில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கச்சேரி அரங்கின் நடுவே கயிறு கட்டுவார்கள். இந்தப் பக்கம் வெள்ளையர், அந்தப் பக்கம் கறுப்பர். பாடுவது ஒரே ஆள், ஒரே பாட்டு. 1964 செப்டம்பரில் ஜாக்சன்வில் நகரில், கூட்டத்தை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைத்தால் நாங்கள் வாசிக்க மாட்டோம் என்று இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் சொன்னார்கள். பிரிக்காமல் உட்காரவைத்த பிறகே வாசித்தார்கள். இதற்கு நேரெதிராகவும் நடந்தது. 1976 ஆகஸ்டில், உங்கள் மகன் இருக்கும் அதே இங்கிலாந்தில், பர்மிங்காம் மேடையில் ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் வெளிநாட்டவரை நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்று பேசினார். கறுப்பினக் கலைஞர்களின் புளூஸைக் கற்றுப் பேர் வாங்கிய மனிதர் அவர். அன்று அந்த அரங்கில் நம் நிறத்தில் நின்றிருந்தவர்களை நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பேச்சைக் கேட்டுக் கொதித்தவர்கள் அதே ஆண்டு 'ராக் எகெய்ன்ஸ்ட் ரேசிசம்' (இனவெறிக்கு எதிராக ராக்) என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள்.

உங்கள் மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ராக் இசையின் ஒரு வகையான பங்க் கச்சேரிக் கூட்டத்தில் 'நான் ஒருவன்தான் கறுப்பு' என்று தவித்த அமெரிக்க இளைஞர்களைப் பற்றி 2003-ல் ஓர் ஆவணப்படம் வந்தது. அதைத் தொடர்ந்து 2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆஃப்ரோபங்க் என்ற விழாவையே நடத்த ஆரம்பித்தார்கள். ஓரத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்த கதை அது.

சரி, கயிறு என்றேன். நம் ஊரில் அதற்குச் சவுக்குக் கட்டை. இதை நான் நான்கு வருஷமாக இதே பக்கத்தில் எழுதிவருகிறேன், மறுபடியும் எழுதுவேன். இந்த மலையில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள். கோடை விழா மேடையில் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு: 'அடுத்து, பழங்குடியினர் நடனம்'. எந்தக் குடி, எந்த ஊர், என்ன பாட்டு, ஒன்றும் கிடையாது. ஆடி முடித்தால் சவுக்குக் கட்டைக்கு அந்தப் பக்கம், ஈரப் புல்லில் விரித்த தார்ப்பாயில் போய் உட்கார வேண்டும். இந்தப் பக்கம் சோபா.

ஒரு வருஷம் மே மாதத் தூறலில் கோத்தர் குழு ஒன்று மேடைக்குப் பின்னால் காத்திருந்ததைப் பார்த்தேன். நாயனம் போன்ற குழல் இரண்டு, இரண்டு மேளம், ஒரு தப்பட்டை. குளிரில் தப்பட்டையின் தோல் தொய்ந்துவிட்டது. தட்டினால் 'பொத்'தென்றது. காய்ச்சக் கொஞ்சம் நெருப்பு வேண்டும் என்று பெரியவர் கேட்டார். புல்வெளி கருகிவிடும், முடியாது என்றார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. தப்பட்டையை ஒரு போகஸ் லைட்டுக்கு முன்னால் பிடித்து, திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். தோடர் வீட்டு இழவும் படகர் வீட்டு இழவும் இவர்கள் இசை இல்லாமல் நடக்காத காலம் ஒன்று இருந்தது. உங்கள் ஊர்ப் பெயரே இவர்களுடையதுதான் அம்மா, கோத்தகிரி. இவர்கள் மண்ணில், இவர்கள் வாசித்த கச்சேரியில், இவர்களுக்கு நாற்காலி இல்லை.

ஆட வந்தவர்களுக்கும் நாற்காலி போடுங்கள் என்று எழுதினேன். விழா நடத்துபவர்கள் தரப்பிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "அவங்களுக்குத் தரையில உட்கார்றதுதான் சார் பழக்கம்" என்றார். தப்பட்டைப் பெரியவர் வீட்டில் நான் போனபோது எனக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். அதையும் கூப்பிட்டவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை.

உங்கள் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை பேசும்போது, ஏன் வந்துவிட்டாய் என்று கேட்காதீர்கள். எந்தப் பாட்டு நடக்கும்போது வெளியே வந்தான் என்று கேளுங்கள். அவனுக்கு நன்றாக நினைவிருக்கும். அதற்குப் பிறகு வந்த பாட்டுகள் அவனுக்குச் சேர வேண்டியவை. கல்லூரியில் அவனைப் போலவே அந்த இசைமேல் பைத்தியமாக இருந்து, தனியாகப் போகத் தயங்கும் ஒரு பிள்ளை, பஞ்சாபியோ நைஜீரியனோ, நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இந்த மே மாதம் நான் கோடை விழாவுக்கு நாற்காலிகளோடு போகிறேன். வேனுக்குச் சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டு நாற்காலி ஏறும். தடுக்கிறார்களா என்று பார்ப்போம். நீங்களும் கோத்தகிரியிலிருந்து வருவதானால் வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வாருங்கள்.